மாடியிலிருந்து விழுந்த புழு

கொய்யா மரத்தடியில் ஒரு சேவல் நின்று கூப்பிட்டது. “கொக்! கொக்! கொக்!”

கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த மூன்று கோழிகளும் தலையைத் தூக்கின.

சேவலின் பெயர் செம்பூவன். அதன் காலடியில் ஒரு பிள்ளைப்பூச்சி நெளிந்துகொண்டிருந்தது. செம்பூவன் அதை அலகில் எடுத்தது, கீழே போட்டது, மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது. தின்னவில்லை. சேவல் குலத்தில் அதுதான் வழக்கம். பூச்சியைக் கண்டெடுத்தவன் முதலில் தின்னக்கூடாது. கூப்பிட வேண்டும், வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கிறவனைத்தான் கோழிகள் சேவல் என்று மதிக்கும். மற்றதெல்லாம் வெறும் இறகு.

முதலில் வந்து சேர்ந்தது புள்ளிச்சி. உடம்பெல்லாம் புள்ளி, வாயெல்லாம் வம்பு.

“ஒத்தைப் பூச்சிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா அத்தான்? என்னவோ விருந்துன்னு நெனச்சு மண்ணுக் குளியலைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்தேன்!”

“வேண்டாம்னா போ. சாம்பலி வர்றா, அவளுக்குக் குடுத்துக்கிறேன்.”

“வேண்டாம்னு யாரு சொன்னா?” என்று புள்ளிச்சி பூச்சியை ஒரே வாயில் விழுங்கிவிட்டது.

அடுத்து வந்த சாம்பலிக்கு ஒன்றும் மிச்சமில்லை. சாம்பலி சாதுவானது. எது கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி என்று இருக்கும். தரையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

கடைசியாக இறக்கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தது கருப்பி. இன்னும் முதல் முட்டை இடாத இளங்கோழி. தின்ன ஏதும் இல்லை என்று தெரிந்தும் அது போகவில்லை.

“கூப்பிட்டீங்களே அத்தான், அதான் வந்தேன்” என்றது. கருப்பிக்குக் கூப்பிட்ட குரலே போதும்.

அது கோடைகாலம். மண் இறுகிக் கிடந்தது. ஒரு பூச்சியைக் கிளறி எடுக்கக் காலைப்பொழுதில் பாதி போய்விடும். கொல்லைக்கு மூன்று பக்கம் மதில். நான்காவது பக்கம் ஓர் இரும்புக் கதவு. கதவுக்கு அடியில் ஒரு கோழி நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்தப் பக்கம் சீமைக்கருவேலம் மண்டிய காலி மனை. அங்கே ஒரு கீரி குடியிருந்தது. கொல்லைக்குள் அதன் வேலை செல்லாது. அது தலையை நீட்டியதுமே செம்பூவன் குரல் கொடுத்துவிடும். கோழிகள் கொய்யா மரத்தில் ஏறிவிடும். செம்பூவன் கூப்பிடாத இடத்துக்குக் கோழிகள் போவதும் இல்லை. செம்பூவன் கதவைத் தாண்டிக் கூப்பிட்டதும் இல்லை.

ஒருநாள் விடியற்காலை. கோழிகள் இன்னும் கூண்டுக்குள் இருந்தன. செம்பூவன் மட்டும் வழக்கம்போலக் கொய்யாக் கிளையில் உட்கார்ந்திருந்தது. அப்போது மாடியிலிருந்து ஒரு கை நீண்டது. அது அந்த வீட்டு அம்மாவின் கை. கையில் ஒரு டப்பா இருந்தது. கடகடவென்று ஒரு குலுக்கல். செம்பருத்திச் செடிக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் என்னவோ பொலபொலவென்று கொட்டியது.

செம்பூவன் இறங்கிப் போய்ப் பார்த்தது. புழுக்கள்! காய்ந்த புழுக்கள். ஒரு கைப்பிடி. இல்லை, அதற்கும் மேலே.

அந்த அம்மா கீழே வந்து கூண்டைத் திறந்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

செம்பூவன் கூப்பிட்டது. கோழிகள் வந்தன. வந்தவை வாயடைத்து நின்றன.

“ஆத்தாடி! இம்புட்டுப் புழு எங்கேருந்து அத்தான்?” என்றது புள்ளிச்சி.

மாடியிலிருந்து ஒரு கை போட்டது என்று சொல்லியிருக்கலாம். நாலு சொல். ஆனால் புள்ளிச்சி இதற்குமுன் செம்பூவனை அப்படி வியந்து பார்த்ததே இல்லை.

“கிளறினேன். கிடைச்சுது” என்றது செம்பூவன்.

“ஏன் காஞ்சு கெடக்கு?” என்று கேட்டது சாம்பலி.

“அந்த ஜாதிப் புழு அப்படித்தான். ஆழத்துல இருக்கும்.”

“எவ்வளவு ஆழத்துல?”

“தின்னுட்டுப் பேசேன்!” என்று புள்ளிச்சி அதட்டியது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாளும் கை நீண்டது. அதற்கு மறுநாளும். விடிந்ததும் புழு விழும், பிறகு கூண்டு திறக்கும், செம்பூவன் குவியலுக்குப் பக்கத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். முதலில் எல்லாம் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கி நின்றது. பிறகு, கோழிகள் வரும்போது காலால் இரண்டு தள்ளுத் தள்ளி, அப்போதுதான் கிளறி முடித்ததுபோலக் காட்டியது. சில நாளில் அந்தக் காட்டலும் தேவைப்படவில்லை. தான்தான் கிளறினோம் என்று அதுவே நம்பத் தொடங்கியிருந்தது.

பக்கத்து வீட்டு வெள்ளைச் சேவல் மதில்மேல் ஏறிக் கேட்டது: “எந்த இடத்துலப்பா கிளறுறே? எனக்கும் கொஞ்சம் காட்டேன். என் வீட்டுல நாலு பேரும் உன் பேரையே சொல்லிக் கொல்றாளுவ!”

“காட்டிக் குடுத்து வர்ற வித்தை இல்லப்பா இது. பொறக்கும்போதே கால்ல இருக்கணும்” என்றது செம்பூவன்.

அந்தக் கால் கிளறுவதையே மறந்துபோயிருந்தது. நகம் வளர்ந்து வளைந்திருந்தது. கோழிகளும் கிளறவில்லை. எதற்குக் கிளற வேண்டும்? புள்ளிச்சி வம்பு பேசுவதையும் விட்டுவிட்டது. “நீங்க சொன்னா சரிதான் அத்தான்” என்று பேசப் பழகியிருந்தது. செம்பூவனுக்குப் புழுவைவிட அந்தச் சொல் ருசித்தது.

ஒரு காலையில் கை நீளவில்லை.

மாடிக் கதவு பூட்டியிருந்தது. அந்த அம்மா எங்கோ ஊருக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ வந்து கூண்டைத் திறந்து, ஒரு தட்டில் குருணையைக் கொட்டிவிட்டுப் போனார்கள். குருணைக்குக் குறைவில்லை. வயிறு நிறையும். ஆனால் புழு தின்ற வாய்க்குக் குருணை எப்படி இறங்கும்?

“அத்தான், புழு?” என்றது புள்ளிச்சி.

“இன்னிக்கு மண்ணு சரியில்லை.”

மறுநாள், “காத்து சரியில்லை” என்றது.

அதற்கு அடுத்த நாள் புள்ளிச்சியே சொல்லிவிட்டது: “இன்னிக்கு என்ன சரியில்லை அத்தான்? சூரியனா?”

சாம்பலி சிரித்தது. சாம்பலி சிரித்து யாரும் பார்த்ததில்லை. செம்பூவனுக்கு உச்சி முதல் கால்வரை எரிந்தது.

அன்று முழுக்க அது கிளறிப் பார்த்தது. வளைந்த நகம் இறுகிய மண்ணில் வழுக்கியது. ஓர் எறும்புகூட அகப்படவில்லை. கோழிகள் மூன்றும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. பார்ப்பதைத் தாங்க முடியாமல் செம்பூவன் ஒரு காரியம் செய்தது. கீழே கிடந்த ஈர்க்குச்சித் துண்டு ஒன்றை அலகில் எடுத்து, போட்டு, எடுத்து, போட்டு, “கொக்! கொக்!” என்று கூப்பிட்டது.

ஓடி வந்த புள்ளிச்சி குனிந்து பார்த்தது.

“இது விளக்குமாத்துக் குச்சி.”

“புழுன்னு நெனச்சேன்.”

“ஓகோ! ஆழத்துல இருக்கற ஜாதியோ?” என்று கேட்டுவிட்டுப் புள்ளிச்சி வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. பழைய வம்பு திரும்பி வந்திருந்தது.

கருப்பி மட்டும் அங்கேயே நின்றது. “பரவாயில்லை அத்தான். நாளைக்குக் கிடைக்கும்” என்றது. அந்த ஆறுதல் செம்பூவனுக்கு ஏளனத்தைவிடக் கசந்தது.

மாலையில் இரும்புக் கதவுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணாச்சி! என்ன முகம் வாடிக் கெடக்கு?”

கீரி! செம்பூவன் குரல் கொடுக்கத் தொண்டையைத் திறந்தது.

“அவசரப்படாதீங்க. நான் உள்ள வரலை. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். மாடியிலேருந்து ஒரு கை வருமே, அது எங்க காணோம்?”

செம்பூவனின் தொண்டை திறந்தபடியே நின்றது. சத்தம் வரவில்லை.

“புதருக்குள்ள படுத்துக்கிட்டு தெனமும் பாத்தேன் அண்ணாச்சி. அந்த அம்மா போடும், நீங்க கூப்பிடுவீங்க. அருமையான ஏற்பாடு! நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. எனக்கு எதுக்கு ஊர் வம்பு?”

“உனக்கு என்ன வேணும்?”

“அட, எனக்கு என்ன வேணும்! உங்க பேரு கெடுதேன்னு ஒரு வருத்தம். இந்தப் பக்கம் பெரிய கரையான் புத்து ஒண்ணு இருக்கு. நான் கரையானைத் தொடறதில்லை. நாளைக்குக் கரையான் ஏறின கட்டை ஒண்ணு கொண்டாந்து போடறேன். நீங்க கிளறினதா இருக்கட்டும்.”

விடிந்தபோது கதவுக்கு உள்பக்கம் ஓர் உளுத்த கட்டை கிடந்தது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகக் கரையான் ஊர்ந்தது. செம்பூவன் கூப்பிட்டது. கோழிகள் கட்டையைச் சுற்றிக்கொண்டன.

“உசுரோட இருக்கு! அந்தக் காஞ்ச புழுவெல்லாம் இதுக்கு முன்னாடி தவிடு!” என்று புள்ளிச்சி கத்தியது. பிறகு அலகைத் துடைத்துக்கொண்டு, “ஏதோ வாய்த்துடுக்குல பேசிட்டேன் அத்தான். மனசுல வெச்சுக்காதீங்க” என்றது.

செம்பூவன் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டியது.

அன்று மாலையும் கீரி வந்தது.

“எப்படி அண்ணாச்சி? மனசு குளிர்ந்துதா?”

“நாளைக்கும் ஒரு கட்டை கொண்டு வா.”

“கட்டையெல்லாம் தீந்துபோச்சு. இனி புத்துலதான் திங்கணும். கதவுலேருந்து நாலு எட்டுதான். நான் உடைச்சு வெச்சுடறேன். நீங்க ஒரு ஆளைக் கூப்பிடுங்க. ஒவ்வொரு நாளும் ஒரு ஆளு. கூட்டமா வந்து மிதிச்சா கரையான் உள்ள போயிடும், பாருங்க.”

“நீ எங்க இருப்பே?”

“நானா? எங்கயாவது இருப்பேன்.” கீரி பல்லைக் காட்டியது. “வேண்டாம்னா சொல்லிடுங்க அண்ணாச்சி. நான் புள்ளிச்சி அம்மாகிட்ட அந்தக் கை கதையைச் சொல்லிட்டு என் வழியில போறேன்.”

செம்பூவன் யோசித்தது. கீரி கரையான் தின்னாது, அதுவே சொல்லிவிட்டது. அப்படியானால் அது எதைத் தின்னும் என்ற கேள்வி அடுத்து வரவேண்டும். செம்பூவன் அந்தக் கேள்வி வருவதற்குள் வேறு யோசனைக்குப் போய்விட்டது. முதலில் யாரைக் கூப்பிடுவது? புள்ளிச்சி நூறு கேள்வி கேட்கும். சாம்பலி ஆடி அசைந்து வரும், வந்தாலும் கதவைத் தாண்டத் தயங்கும். கருப்பிதான் கூப்பிட்ட உடனே வரும். பாவம், சின்னது. எப்போதும் கடைசியாக வந்து மிச்சத்தைப் பொறுக்குகிறது. ஒருநாளாவது முதலில் தின்னட்டுமே! இப்படி நினைத்ததும் செம்பூவனுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை உண்டாயிற்று.

காலையில் குருணைத் தட்டைச் சுற்றிப் புள்ளிச்சியும் சாம்பலியும் நின்றிருந்தன. செம்பூவன் இரும்புக் கதவின்மேல் ஏறி நின்று, மெல்லிய குரலில் கூப்பிட்டது.

கருப்பி வந்து நின்றது. “எனக்கு மட்டுமா அத்தான்?”

“ஆமா. உனக்கு மட்டும். அந்தப் பக்கம் போ.”

“கதவைத் தாண்டியா? அங்க போகக்கூடாதுன்னு...”

“நான் மேல நிக்கிறேன்ல?”

அதற்குமேல் கருப்பிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கதவுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனது.

கதவின்மேல் நின்ற செம்பூவனுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. உடைந்த புற்றிலிருந்து கரையான் கொப்பளித்துக்கொண்டிருந்தது. புற்றுக்குப் பின்னால், காய்ந்த சருகோடு சருகாக, ஒரு நீண்ட உடம்பு தரையோடு ஒட்டிக் கிடந்தது. வால்நுனிகூட அசையவில்லை. அதன் கண் கரையானையும் பார்க்கவில்லை, செம்பூவனையும் பார்க்கவில்லை.

நேற்றே தனக்குத் தெரிந்ததைச் செம்பூவன் இப்போது பார்த்தது.

கத்தினால் கருப்பி ஓடி வந்துவிடும். கத்தினால் கீரியும் கத்தும். கை கதை வெளியே வரும். புள்ளிச்சி சிரிக்கும், சாம்பலி சிரிக்கும், மதிலுக்கு அப்பால் வெள்ளைச் சேவல் சிரிக்கும். செம்பூவன் அலகை மூடிக்கொண்டு நின்றது.

கருப்பி இரண்டு கரையான் தின்றது. மூன்றாவதைத் தின்னவில்லை. அலகில் எடுத்தது, கீழே போட்டது, மறுபடி எடுத்தது. தலையைத் தூக்கிச் செம்பூவனைப் பார்த்தது.

“கொக்! கொக்! வாங்க அத்தான்! இது உங்களுக்கு!”

எந்தக் கோழியும் எந்தச் சேவலுக்கும் அப்படிச் செய்ததில்லை.

“ஓடு!” என்று செம்பூவன் அலறியது. “கீரி! ஓடு!”

சருகு வெடித்ததுபோலக் கீரி பாய்ந்தது. கருப்பி திரும்புவதற்குள் அதன் முதுகில் பல் பதிந்தது. செம்பூவன் கதவிலிருந்து கீரியின்மேல் விழுந்தது. சேவலுக்குக் காலின் பின்பக்கம் இருக்கும் முள்ளால் கீரியின் கண்ணருகே ஒரு குத்துக் குத்தியது. வளர்ந்து வளைந்த நகம் ஒன்று முறிந்தது. கீரி ஒரு கணம் வாயைத் திறந்தது. அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. கருப்பி கதவுக்கு அடியில் உருண்டு உள்ளே வந்தது. பின்னாலேயே செம்பூவனும் வந்தது. கீரியின் வாயில் ஒரு கொத்துக் கருப்பு இறகு மிஞ்சியது.

புள்ளிச்சியும் சாம்பலியும் அதற்குள் கொய்யா மரத்தின்மேல் இருந்தன.

“கேளுங்கடி!” என்று கீரி கதவுக்கு அப்பாலிருந்து இறகைத் துப்பிவிட்டுக் கத்தியது. “உங்க அத்தான் ஒரு புழுவையும் கிளறலை! மாடியிலேருந்து அந்த அம்மா போட்டது! இந்தக் கரையான் நான் போட்டது! இந்தக் குட்டியை இங்க அனுப்பினதும் அவர்தான்! கேளுங்க அவரை!”

சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

செம்பூவன் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. சிரிப்புக்காகக் காத்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

“யாரு போட்டா என்ன?” என்றது புள்ளிச்சி மரத்திலிருந்து. “புழு நல்லா இருந்துச்சு, தின்னோம். நீங்க கிளறினதுன்னு நாங்க என்ன கோயில்ல கல்வெட்டா வெச்சோம்? அம்மா போடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ‘அப்படியா’ன்னு கேட்டுட்டுத் தின்னிருப்போம். இதுக்கா அந்தப் புள்ளையை அங்க அனுப்பினீங்க?”

செம்பூவன் இத்தனை நாளாகக் காவல் காத்த பெயரை, காவல் காக்கச் சொல்லி ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

செம்பருத்திக்கு அடியில் கருப்பி நடுங்கிக்கொண்டிருந்தது. முதுகில் இறகு போன இடத்தில் தோல் சிவந்திருந்தது. செம்பூவன் பக்கத்தில் போனது. கருப்பி இரண்டடி நகர்ந்துகொண்டது.

“வான்னு கூப்பிட்டதும் நீங்கதான். ஓடுன்னு கத்தினதும் நீங்கதான்” என்றது கருப்பி. கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. “நான் எந்தக் குரலைக் கேக்கணும் அத்தான்?”



புண் ஆறியது. இறகு முளைத்தது. சில நாள் கழித்து அந்த அம்மாவும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். கருப்பி முதல் முட்டையை இட்டது, கேறிக்கொண்டே கொல்லையைச் சுற்றி வந்தது. செம்பூவனோடு பேசவும் செய்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பழையபடிதான்.

ஒரு நண்பகலில் வானத்தில் பருந்து வட்டமிட்டது. செம்பூவன் கத்தியது. புள்ளிச்சியும் சாம்பலியும் கத்திய கணமே செடிக்குள் பாய்ந்தன. கருப்பி பாயவில்லை. வெட்டவெளியில் நின்றபடி தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தது. பருந்து இருப்பது உண்மைதான் என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே ஓடியது.

அன்று பருந்து வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. ஆனால் கருப்பி நின்று பார்த்த அந்த ஒரு கணத்தைச் செம்பூவன் ஒவ்வொரு முறை கத்தும்போதும் பார்க்க வேண்டியிருந்தது.

தான் தேடாததைத் தான் தேடியதாகச் சொல்லிப் பெயர் வாங்குகிறவன், ஒருநாள் அந்தப் பெயரைக் காப்பாற்றத் தன்னை நம்பி வந்தவரையே விலையாகக் கொடுக்கத் துணிவான்.